இருக்கையின் உயரம்

அந்தக் காரைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ஏழு வண்டிகளைப் பார்த்தேன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை: விலை, எத்தனை கை மாறியது, ஓடிய தூரம், லிட்டருக்கு எவ்வளவு, டயர், ஏசி, காப்பீடு. இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதப் போனவள் நான். பழைய வண்டி ஒன்றை முறையாகப் பார்த்து வாங்குவதிலாவது படித்தது உதவட்டும் என்று நினைத்தேன். உதவவும் செய்தது. தாளில் எழுதியவற்றில் எதுவும் பிசகவில்லை. தாளில் எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்கள் அவை. வீடு செங்கல்பட்டில், வேலை கேளம்பாக்கத்தைத் தாண்டி. காலையில் திருப்போரூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து கேளம்பாக்கத்துக்கு இன்னொன்று, பிறகு ஷேர் ஆட்டோ. திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார் ஒன்று ஜப்பானில் வந்திருப்பதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. எங்கள் பக்கத்தில் இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டி என்றால் பெட்ரோலும் கேஸும்தான். பழைய பெட்ரோல் காரில் கேஸ் கிட் பொருத்தி, டிக்கியில் சிலிண்டரை வைத்துவிடுவார்கள். தினமும் அவ்வளவு தூரம் போய்வர எனக்குக் கட்டுப்படியாகக்கூடியது அது ஒன்றுதான்.

கார் வாங்க இன்னொரு காரணம் அக்கா.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இரண்டு கால்களும் பயன்படவில்லை. உடல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்திருந்தது. தொண்ணூறுகளில் போன் பேச அங்கே வரிசை நிற்கும். நாள் முழுக்க டிரைவர்களோடும் கண்டக்டர்களோடும் பேசிப் பேசி அவள் பேச்சு முழுக்க பஸ் நிலையத்துப் பேச்சாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது அப்பா எங்களை மாமல்லபுரம் கூட்டிப்போனார். எனக்கு அப்போது எட்டு வயது. பஸ்ஸிலிருந்து கடற்கரை வரை அப்பா அவளைத் தூக்கிக்கொண்டே நடந்தார். கோயிலுக்கு முன்னால் படம் எடுக்கும் ஆள் ஒருவர் எங்களை உட்காரவைத்தார். பிறகு கேமராவை இறக்கிவிட்டு அம்மாவிடம், முந்தானையால் பெரிய பாப்பாவின் காலை மூடிவிடுங்கள், படம் நன்றாக வரும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அம்மாவும் மூடினாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா, இனிமேல் யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்றாள். அதன்பிறகு யாரும் தூக்கவில்லை. வீட்டில் கையால் நகர்ந்தாள். பூத்துக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் போனாள். பின்னால் பூத் வருமானத்தில் ஒரு மடக்கு சக்கர நாற்காலி வாங்கினாள். தன் நாற்காலியில் தானே உருட்டிக்கொண்டு போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று அப்போதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு வண்டி வேண்டும். பஸ்ஸில் நாற்காலியை ஏற்ற விடமாட்டார்கள்.

ஆகவே என் தாளில் மற்ற எவருடைய தாளிலும் இருந்திருக்காத ஒரு கட்டம் இருந்தது: முன் இருக்கையின் உயரம். வீட்டில் அக்காவின் நாற்காலி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்திருந்தேன். கார் இருக்கையும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தால் யார் கையும் படாமல் அவளே நகர்ந்து உட்காரலாம். ஏழு வண்டிகளிலும் கதவைத் திறந்து டேப் வைத்து அளந்தேன். விற்கிறவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். வண்டி பார்க்கக் கூட வந்த கேளம்பாக்கம் மெக்கானிக் மட்டும் சிரித்தார். “இன்னா மேடம், எல்லாரும் இன்ஜினைப் பாப்பாங்க, நீங்க சீட்ட அளந்துகினு கீறீங்க?”

ஏழாவது வண்டியில் அளவு சரியாக வந்தது. கல்பாக்கத்தில் வேலை பார்த்து, மாற்றலாகி வடக்கே போகிற ஒருவருடைய கார். கேஸ் கிட் ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏறியிருந்தது. டிக்கியைத் திறந்து காட்டினார். சிலிண்டரில் பொறித்திருந்த எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். அடுத்த சோதனைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. வால்வில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்தேன். அவர் மதிப்போடு ஒதுங்கி நின்றார். மூடும்போது, “டிக்கியில ஒரு பைதான் வைக்கலாம்மா, முன்னாடியே சொல்லிடறேன்” என்றார்.

“பரவாயில்லை சார். நாங்க லக்கேஜ் அதிகம் எடுத்துட்டுப் போற ஆளுங்க இல்லை” என்றேன்.

எத்தனையோ முறை இந்த வாக்கியத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொய் இல்லை. அக்காவின் நாற்காலியை நான் ஒருநாளும் சாமானாக நினைத்ததில்லை. அது அவளோடு சேர்ந்தது. அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே அதுவும் இருக்கும் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. அவள் காரில் ஏறுவதை அளந்தேன். போன இடத்தில் எதில் இறங்குவாள் என்று யோசிக்கவில்லை. வண்டியை முடிவு செய்யும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. உயரம் பொருந்திய வண்டியைத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்த ஆசைப்பட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா புளிசாதம் கட்டினாள். அக்கா நாற்காலியைக் கதவருகே உருட்டி வந்து, ஒரு கையை இருக்கையில் ஊன்றி, ஒரே நகர்வில் உள்ளே போய்விட்டாள். “சூப்பரா கீது பாப்பா” என்றாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அப்பா நாற்காலியை மடித்துப் பின்னால் எடுத்துப் போனார். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தேன். படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பார்த்தோம். மூடியைத் திறந்தபடி கயிற்றால் கட்டலாமா என்று பார்த்தோம். மொத்த நாற்காலியும் வெளியே தொங்கியது. பின் இருக்கையில் வைத்தால் அம்மா அல்லது அப்பா ஒருவர்தான் உட்காரலாம். நான் வீட்டில் இருக்கிறேன் என்றாள் அம்மா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா அன்றைக்காக எத்தனை நாள் காத்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போய் நான் தூக்கிக்கொள்கிறேன் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அக்கா கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “சேரை வூட்ல வச்சிட்டு வா நைனா, போலாம்” என்றாள்.

மாமல்லபுரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியாகப் பார்த்து நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். நாங்கள் மூவரும் கடற்கரைக்குப் போனோம். அம்மா கால் நனைத்தாள். ஆனால் சீக்கிரமே திரும்பிவிடலாம் என்றாள். நான் முன்னால் நடந்து வந்தேன். சிப்பி மாலை விற்கும் பெண் ஒருத்தி காரின் ஜன்னலில் கைவைத்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன்க்கா வண்டியிலயே குந்திகினு கீற, இறங்கிப் போய்ப் பாரேன் என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

“காலை வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்மா” என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பாவும் அம்மாவும் வந்து சேரும்வரை முன்னால் போகவில்லை.

மறுநாளே புதிய தாள் ஒன்று எடுத்தேன். தலைப்பு: கூரை மேல் கேரியர். ஒரு இடத்தில் அந்த மாடலுக்குக் கேரியர் வராது என்றார்கள். இன்னொரு இடத்தில் வரவழைக்கலாம் என்றார்கள். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா என்று ஒரு கேள்விக்குறி போட்டேன். சிலிண்டரைக் கழற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. ஆனால் வெறும் பெட்ரோலில் தினமும் கேளம்பாக்கம் போய்வரக் கட்டாது என்று கணக்கு சொன்னது. ஒரு புராஜெக்ட் முடிந்தது, அடுத்தது வந்தது. “கேரியர் — பார்க்க வேண்டும்” என்ற வரி ஒவ்வொரு மாதத் தாளிலும் கீழே இறங்கிக்கொண்டே போனது.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தினாள். பூத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், நீங்கள் போய் வாருங்கள் என்பாள். அப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. பூத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்ன கணக்கு என்று நான் கேட்டிருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் திருப்போரூர் முருகனைப் பார்த்தோம், நெம்மேலிப் பக்கம் கடலைப் பார்த்தோம். அம்மாவும் அப்பாவும் பின் இருக்கையிலேயே உட்கார்ந்தார்கள். முன் இருக்கை காலியாகவே வந்தது.

இரண்டு வருடம் கழித்து சிலிண்டருக்குச் சோதனை நாள் வந்தது. சோதனைக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, கழற்றிவிடுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அதற்குள் சம்பளமும் உயர்ந்திருந்தது. அக்காவுக்காகக் கழற்றினேன் என்று சொல்ல ஆசைதான். அதன் காலம் முடியும்வரை காத்திருந்தேன் என்பதே உண்மை.

நேராக பூத்துக்குப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கும்படி வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி டிக்கியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தாள். பெருசா கீது என்றாள். இந்த ஞாயிறு மாமல்லபுரம் என்றேன்.

“நான் போய்கினுதான் கீறேன் பாப்பா.”

புரியவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பூத்துக்கு எதிரே நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவரைக் கண்ணால் காட்டினாள். அவர் நாற்காலியை ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிவிடுவாராம். ஒன்றரை வருடமாக, மாதம் ஒரு ஞாயிறு. அங்கே சிமென்ட் போட்ட பாதை ஒன்றின் முடிவில் மணலுக்குமுன் ஒரு டீக்கடை. கடைக்காரம்மா மணல்மேல் ஒரு பலகை போட்டுத் தருவாளாம். பலகையின் நுனி வரை தானே உருட்டிக்கொண்டு போனால் அலை தெரியும் என்றாள். அந்தக் கடற்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போயிருக்கிறேன். அப்படி ஒரு கடையை நான் பார்த்ததே இல்லை.

“ஏங்க்கா சொல்லலை?”

“நீ கேரியர் பாத்துகினு இருந்தே. உன்னை எதுக்கு பேஜார் பண்ணணும்?” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அந்தச் சமயம் ஒருவர் போன் பேச வந்தார். அவள் அவருக்கு நம்பர் போட்டுக் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் காரில் அதன்பிறகு அக்கா பலமுறை வந்திருக்கிறாள். கல்யாணங்களுக்கு, கண் மருத்துவமனைக்கு, அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தினமும். எல்லாமே அவசியத்துக்காகப் போனவை. கடலுக்குக் கூப்பிட்டால் மட்டும், நீங்கள் போய் வாருங்கள் என்றாள். உன்னோடு ஆட்டோவில் நானும் வரட்டுமா என்று கேட்க இரண்டு மூன்று முறை நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று நானாகக் கேட்கட்டும் என்று அவள் ஒன்றரை வருடம் காத்திருந்திருப்பாளோ என்ற எண்ணம் குறுக்கே வரும். கேட்காமல் விட்டுவிடுவேன்.