மச்சான் ஜெயித்த பந்தயம்

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. அப்போது நான் திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். வயது இருபத்தேழு. ஊரில் மோட்டார் சைக்கிள் பித்துப் பிடித்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் சொந்தமாக வண்டி இல்லாத ஒரே ஆள் நான்தான். என் அக்காவின் கணவர் பந்தயத்தில் ஓட்டுவார். அவர் கூடவே போய்ப் போய் நானும் உறுப்பினராகிவிட்டேன்.

மச்சானுக்குச் சொந்த ஊர் பழனி பக்கம் நெய்க்காரப்பட்டி. கரும்பு போடுகிற குடும்பம். இவர் மட்டும் திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ராணுவத்தில் கழித்துப் போட்ட வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து, இரண்டு வருடம் பாடுபட்டு, அதை ஓட வைத்திருந்தார்.

அதற்கு முந்தைய வருடப் பந்தயத்தில் ஒரு தகராறு. வசதியுள்ள ஒன்றிரண்டு பேர் எங்கிருந்தோ விமானத்துக்குப் போடுகிற பெட்ரோலை வாங்கி வந்து கலந்து ஓட்டிவிட்டார்கள். அந்தப் பெட்ரோலுக்கு வேகம் அதிகம். அடுத்த கூட்டத்தில் மச்சான்தான் எழுந்து பேசினார். “எல்லாருக்கும் ஒரே பெட்ரோலு குடுங்க. அப்பறம் எவன் ஓட்டறான்னு பாப்போமுங்க” என்றார். அப்படித்தான் அந்த விதி வந்தது. சங்கமே ஒரு பீப்பாய் பெட்ரோல் வாங்கி வைக்கும். எல்லோரும் டாங்கைக் காலி செய்துவிட்டு அதிலிருந்துதான் நிரப்ப வேண்டும். பந்தயம் முடிந்ததும் முதலாவதாக வந்த வண்டியின் பெட்ரோலைச் சோதிப்பார்கள். சோதிக்கிற வேலையை, விஞ்ஞான வாத்தியார் என்பதால், என்னிடம் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்து ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அது கோடு போட்ட ஒரு கண்ணாடி மிதவை, அவ்வளவுதான். திரவம் லேசாக இருந்தால் அதிகமாக அமிழும். கனமாக இருந்தால் மேலே நிற்கும். விமானப் பெட்ரோல் சாதாரண பெட்ரோலைவிட லேசு. அதனால் கலந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கணக்கு.

நத்தம் சாலைப் பக்கம் ஊருக்கு வெளியே போலீஸ் அனுமதியோடு பாதையை அடைத்திருந்தார்கள். காலை ஆறரை மணிக்குப் புளியமர நிழலில் பீப்பாயைத் திறந்து மிதவையை விட்டுப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டேன். பந்தயம் ஆரம்பிக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. சனம் சாலையின் இரண்டு பக்கமும் நின்றது. அக்கா வந்திருந்தாள். மச்சானின் அப்பாவும் வந்திருந்தார். இந்த வண்டிப் பைத்தியம் அவருக்குக் கட்டோடு பிடிக்காது. மகன் ஓட்டுவதைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததாகச் சொன்னார்.

மச்சான் அன்று ஓட்டியதை என்னால் விவரிக்க முடியாது. கடைசிச் சுற்றில் மூன்று பேரைத் தாண்டி வந்து ஜெயித்தார். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் கொள்ளாத சிரிப்பு. பக்கத்தில் நின்றவரிடம், “எம் பையனுங்க” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

வண்டியை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டாங்கிலிருந்து கண்ணாடி ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து மிதவையை விட்டேன். காலையில் குறித்த கோட்டைத் தாண்டி அது கீழே இறங்கியது. மறுபடி விட்டேன். மறுபடியும் அதே இடம்.

“என்ன மாப்ளே?” என்றார் மச்சான்.

“லேசா இருக்கு மச்சான்.”

அவர் குனிந்து ஜாடியைப் பார்த்தார். “கலரைப் பாரு. மோந்து பாரு. காலையில நீ அளந்த அதே பெட்ரோலுதான்.”

“கொஞ்சமாக் கலந்தாக் கலர்ல தெரியாது.”

அவர் முகம் மாறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “சரி. ரெண்டாவது வந்த வண்டியிலயும் ஒருக்கா பாத்துரு. எனக்கு அது போதும்.”

பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் சுற்றிலும் சங்கத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். ‘அக்கா புருசனாச்சே, எப்படியும் விட்டுருவான்’ என்று ஒருவர் முணுமுணுத்தார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது எனக்கு. “முதல் வண்டியைத்தான் பாக்கணும்னு விதி” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, காகிதத்தில் ‘தகுதியில்லை’ என்று எழுதிச் செயலாளரிடம் நீட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீட்டினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டத்தில் சிலர் கூவினார்கள். பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். அக்கா என்னிடம் வந்தாள்.

“அம்புட்டுப் பேருக்கு முன்னாடி என் புருசனைத் திருடன்னு சொல்லிட்டியேடா” என்றாள். “அவுக கேட்டதைச் செத்த நேரம் நின்னு பாத்திருந்தா உன் கை தேஞ்சா போயிரும்?”

எனக்கு அன்று ஊரில் நல்ல பெயர். சொந்த மச்சானையே விடவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மச்சான் பட்டறை வேலையை விட்டுவிட்டு, வண்டியையும் விற்றுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு நெய்க்காரப்பட்டிக்கே போய்விட்டார். ஐப்பசியில் அவருடைய அப்பா இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன். மச்சான் என் கையைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பங்குனி வந்தது. பந்தயத்துக்குப் பெட்ரோல் சொல்லிவைக்க ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் போயிருந்தேன். அங்கே எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் பெட்ரோலைச் சோதித்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த அதே மாதிரி மிதவை. கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் ஜாடிக்குள் விட்டிருந்தார். அது எதற்கு என்று கேட்டேன்.

“வெயில்ல நின்ன பெட்ரோலு லேசாத்தான் சார் காட்டும். சூடு எவ்வளவுன்னு பாத்துக் கழிக்காம இந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை” என்றார்.

திரவம் சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். காலையில் நிழலில் பார்த்த பீப்பாயையும், உச்சி வெயிலில் கொதிக்கிற என்ஜினுக்கு மேலே இருந்த டாங்கையும் ஒன்றாக வைத்து அளந்திருக்கிறேன். அங்கேயே ஒரு புட்டி பெட்ரோல் வாங்கி வந்து காலையில் ஒரு தடவை, வெயிலில் வைத்து மதியம் ஒரு தடவை பார்த்தேன். மிதவை அன்று போலவே இறங்கி நின்றது. இரண்டாவது வண்டியில் விட்டிருந்தாலும் அன்று இப்படித்தான் இறங்கியிருக்கும்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். மச்சான்தான் ஜெயித்தார் என்று பதிவேட்டில் திருத்தி எழுத வைத்து, சோதிக்கிற பொறுப்பையும் விட்டுவிட்டு, மறுநாளே நெய்க்காரப்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

மச்சான் வாய்க்காலில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழப் போனவனைப் பிடித்து நிறுத்தினார்.

“உடு மாப்ளே. தெரியாமச் செஞ்சுட்ட. நாலு பேரு முன்னால நீயே எந்திரிச்சுச் சொன்னதும் பெருசுதான்.” மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து மடையில் போட்டார். “எங்கய்யன், நான் இங்க வந்தப்பறமும், அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சாவற வரைக்கும் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா, நான் பண்ணலைங்கய்யான்னு சொல்லியிருப்பேன். நம்புனாரா, நம்பலியான்னு எனக்குத் தெரியாது மாப்ளே. அது மட்டுந்தான்.”

அன்று என்னைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அக்கா இலை போட்டுப் பரிமாறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளாக ஆக அவளும் பேசினாள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் இருவரும் வந்தார்கள். ஆனால் மச்சான் மறுபடி ஒரு மோட்டார் சைக்கிளைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

தெரியாமல் செய்த தவறு என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆனால் நேர்மையானவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற ஆசையில்தான் நான் அன்று அநியாயம் செய்தேன் என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்த வயதிலும் யாராவது என்னை நேர்மையான மனிதர் என்று புகழ்ந்தால் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.