ஜெபசிங் சொன்ன சாட்சி

என் தம்பி ஜெபசிங்குக்குப் பாம்பு பயம் கிடையாது, பேய் பயம் கிடையாது. யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்கிற பயம் மட்டும் எலும்பு வரைக்கும் உண்டு. எங்கள் அப்பா அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஊரார் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். ஒருநாள் அவருடைய சேற்றுக்கால் நிலத்துக்காரர் வீட்டு வாசல் கோலத்தில் பட்டுவிட்டது. அந்த மனுஷன் தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு எல்லாரும் சிரிக்கச் சிரிக்க அப்பாவைக் கேலி பேசினான். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். பக்கத்தில் நின்று பார்த்த சின்னப் பையன் என் தம்பி. இன்றைக்கும் இஸ்திரி போடாத சட்டையோடு கடைக்குக்கூடப் போகமாட்டான். ஐடி கம்பெனி ஆட்களை ராத்திரி ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறான். ஆனால் பார்ப்பவர்களுக்கு அவன்தான் கம்பெனி மேனேஜர்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஜெஸ்ஸி பிறந்தாள். குறைமாதக் குழந்தை. மற்ற பிள்ளைகள் தெருவில் ஓடுகிற வயசில் இவளைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கவேண்டியிருந்தது. மூளை சொல்லுவது கைகாலுக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது, விடாமல் பயிற்சி கொடுத்தால் முன்னேறுவாள், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போது அவளுக்கு ஐந்து வயசு. காலுக்கும் சேர்த்து வாய் வேலை செய்யும். அந்த வாய் அத்தையான என்னிடமிருந்து வந்தது என்று எல்லாரும் சொல்லுவார்கள், சொல்லட்டும்.

வெளியே தூக்கிப் போகும்போது ஜெபசிங் அவள் முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொள்ளுவான். யாராவது கேட்டால், "தூங்குது" என்பான். "நான் தூங்கலையே!" என்று துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன் முகம் செத்துப்போவதைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது.

எங்கள் சபையில் ஒருத்தி இருக்கிறாள், பேர் வேண்டாம். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவனை மடக்கினாள். "இன்னா தம்பி, வூட்ல மறைச்சு வச்ச பாவம் எதுனா கீதா? அறிக்கை பண்ணிட்டா புள்ள எழுந்து நடக்கும்ல?"

நான் சும்மா இருப்பேனா? "உன் மருமவ உன்ன வூட்ட வுட்டுத் தொரத்துனாளே, அது எந்தப் பாவத்துக்கு?" என்று கேட்டேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் தம்பி மேல் விழுந்த அடி விழுந்ததுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உண்டு என்று அவன் நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான். பிள்ளை நடந்துவிட்டால் எல்லா வாயும் மூடிக்கொள்ளும் என்பது அவன் கணக்கு.

மே மாதம் செங்கல்பட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜெஸ்ஸியைச் சேர்த்தார்கள். மூன்று வாரம், தினமும் காலையிலிருந்து மதியம் வரை விடாத பயிற்சி. அவள் அம்மா பிரிசில்லாவுக்குக் கம்பெனியில் லீவு இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், எனக்குக் கோடை விடுமுறை. ராத்திரி முழுக்க வேன் ஓட்டிவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவான் ஜெபசிங். நான் தண்ணி பாட்டிலும் சோத்து டப்பாவுமாகப் பின்னால் ஓடுவேன். அவனைக் குறை சொல்லுகிறேனே தவிர, அந்த ஓட்டத்தை எந்த அப்பன் ஓடுவான்?

அங்கே ஒரு கம்பிக் கூண்டு. குழந்தையை நடுவில் நிறுத்தி, இடுப்பில் பெல்ட் கட்டி, நாலாபக்கமும் இருந்து ரப்பர் கயிறுகளை மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள். கணுக்கால் மடங்காமல் இருக்க வெள்ளை பிளாஸ்டிக்கில் ஓர் உறை, ஸ்பிளிண்ட் என்றார்கள், அதன்மேல் ஷூ. ஜெஸ்ஸி போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. பயிற்சி கொடுக்கிற ஷபானாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். "ஏம்மா, ஆட்டுக்குட்டியா இது? இப்டி கட்டி வச்சுக்கினு கீறியே!"

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "விழ மாட்டோம்னு உடம்புக்குத் தெரிஞ்சாத்தான்மா அது கால எடுத்து வைக்கும். பயத்துல ஒரு பிள்ளையும் நடக்காது" என்றாள்.

போகப்போக ஜெஸ்ஸியின் அழுகை பாட்டாக மாறியது. கடைசி வாரத்தில் ஒருநாள், கூண்டுக்குள் கயிறுகள் தாங்க, ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தாள். அப்புறம் இன்னொரு காலையும். "அத்த, பாரு! அத்த, பாரு!" என்று கத்துகிறாள். எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஜெபசிங் போனில் வீடியோ எடுத்தான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ரயிலில் வரும்போது அந்த வீடியோவை இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிகிற மாதிரி வெட்டினான். பெல்ட் போனது, கயிறு போனது, கூண்டு போனது. பேன்ட்டும் ஷூவும் போட்டிருந்ததால் ஸ்பிளிண்ட்டும் தெரியவில்லை. ஒரு குழந்தை தானாக நடந்து வருகிற மாதிரியே இருந்தது. 'என் மகள் நடக்கிறாள். கர்த்தருக்கே மகிமை' என்று எழுதிச் சபையின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தூங்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு என் போனில் பார்த்தேன். "இன்னாடா இது, முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற?"

"பொய் இல்லக்கா. விசுவாசத்துல சொல்லிக்கீறேன். நடக்கப் போறத முன்னாடியே சாட்சியா சொன்னா, அது அப்டியே நடந்துடும்."

எங்கள் சபையில் இது ஒரு வழக்கம்தான். வேலை கிடைக்கும் முன்னே எழுந்து நின்று, "எனக்கு வேலை கிடைத்துவிட்டது, ஸ்தோத்திரம்" என்பார்கள். சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் யாரும் வீடியோ வெட்டிப் போட்டதில்லையே!

குழுவில் அல்லேலூயா கொட்டியது. மறைச்சு வச்ச பாவம் எதுனா கீதா என்று அன்றைக்குக் கேட்டவளே அழுகிற பொம்மை வரிசையாகப் போட்டிருந்தாள். பாஸ்டர் பன்னீர்செல்வம் சூதுவாது தெரியாதவர். அவரே போன் செய்தார். "பிரதர், ஞாயித்துக்கெழம புள்ளைய நடத்திக் கூட்டியாந்து சாட்சி சொல்லுங்க. நாங்க எவ்ளோ நாளா ஜெபம் பண்ணிக்கினு கீறோம்!" இவனும் சரி என்றுவிட்டான்.

பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்க தம்பிக்கு நம்ம புள்ள வேணுமா, ஊரு வேணுமான்னு கேளுங்க. நான் அன்னிக்கி சபைக்கு வர மாட்டேன்." அவன் ஷபானாவுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தனியாக நடக்க வைக்க முடியுமா என்று கெஞ்சினான். அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. "ஜெஸ்ஸி அப்பா, அவ நடக்கிறது அவளுக்காக. ஞாயித்துக்கிழமைக்காக இல்ல. ஸ்பிளிண்ட் இல்லாம நிக்க வச்சீங்கன்னா கணுக்கால் மடங்கிடும். தயவுசெஞ்சு வேண்டாம்."

ஞாயிறு வந்தது. பிரிசில்லா சொன்னபடி வரவில்லை. நான் போனேன், இவன் என்ன கூத்து பண்ணுவானோ என்கிற பயத்தில். ஜெஸ்ஸி அடம்பிடித்துக் கேட்ட புதுக் கவுனைப் போட்டு அவளைத் தூக்கி வந்தவன், சபை வாசலில் அவளை இறக்கி ஸ்பிளிண்ட்டைக் கழற்றினான். கவுனுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிகிறதாம். கேள்வி கேட்பார்களாம்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குடா. திரும்பி வா, வூட்டுக்குப் போயிடலாம்" என்று கையைப் பிடித்தேன். பாட்டு நின்றது, பாஸ்டர் அவன் பெயரைச் சொன்னார். கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்றன. அவன் ஒரு கையில் மைக்கை வாங்கிக்கொண்டு, மறு கையால் ஜெஸ்ஸியைப் பிடித்து நிறுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "வா கண்ணு" என்று சொல்லிக் கையை எடுத்தான்.

அவள் வலது காலைத் தூக்கக்கூட இல்லை. கணுக்கால் உள்பக்கம் மடங்கி, அப்படியே சரிந்து, முகவாய் தரையில் பட விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லார் பார்வையும் பிள்ளையிலிருந்து மெதுவாக ஏறி என் தம்பி முகத்தில் போய் நின்றது. எனக்கே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஜெஸ்ஸி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். உதடு கிழிந்திருந்தது. அழவில்லை. அப்பன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் நேத்து நல்லா நடந்தேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வூடு முழுக்க நடந்தேன். கடைக்கிக்கூட நடந்து போனேன். இன்னிக்கி கால் வலி, அதான். இல்லப்பா? நீயே சொல்லுப்பா."

ஜெபசிங் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பாஸ்டரே ஸ்தோத்திரம் சொல்லி முடித்து வைத்திருப்பார். அவன் மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோனான்.

"இல்ல கண்ணு" என்றான். "நீ நடக்கல. அந்த வீடியோல கயிறு இருந்துச்சு, அப்பாதான் வெட்டிட்டேன். நீ நடக்கலன்னு சொல்றதுக்கு அப்பாவுக்கு வெக்கமா இருந்துச்சு."

அப்போதுதான் ஜெஸ்ஸி வெடித்து அழ ஆரம்பித்தாள். உதட்டு ரத்தமும் கண்ணீருமாக, அவன் பேன்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கோபத்தோடு அழுதாள்.

"ஏம்பா சொன்ன? நான்தான் சமாளிச்சிக்கினு கீறேன்ல!"

என் தம்பி மகள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மைக் கையிலேயே இருந்ததால், அவன் அழுதது சபை முழுக்கக் கேட்டது.