வெட்டுத்துணியில் பழகிய நாய்

என் அக்கா கணவருக்குத் தெருவில் ‘பட்டாசு மாஸ்டர்’ என்று பெயர். அவர் முன்னால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு பயம். தையல் வேலை சுத்தம், வாய்தான் அடங்காது. அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆளிடம், “மூச்ச விடுய்யா, சட்டையப் போட்டுக்கிட்டு மூச்சே விட மாட்டியா?” என்று கத்துவார். அவர் வீட்டுக் கூடம்தான் எங்கள் கடை. அத்தான் வெட்டுவார், நான் மிஷினில் தைப்பேன், அக்கா காஜா எடுப்பாள். தரையில் விரித்த துணிமேல் யார் கால்விரல் பட்டாலும் வீடு இரண்டாகிவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா தன் சொந்த வீட்டில் சுவரோரமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழை நாளில் நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். துணிக்கடை வாசலில் நனைந்துகொண்டிருந்ததாம். பட்டன் என்று பெயர் வைத்தார். வந்ததும் வராததுமாக அது கூடத்தில் ஈரம் பண்ணியது. நானும் அக்காவும் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானோம்.

“அவசரமா வந்துடுச்சா? இங்க இல்லடா கண்ணு, அங்க போகணும்” என்று குழைந்தார் அத்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். “எங்கிட்ட என்னைக்காவது இப்படிப் பேசியிருக்காராடா?” என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் கேலி போய்விட்டது.

அத்தான் குளியலறை மூலையில் வெட்டுத்துணிகளை விரித்தார். தையல்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம்? குட்டி அதன்மேல் போனால் தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட். வேறெங்காவது போனால் திட்டு கிடையாது, அடி கிடையாது; தூக்கிக்கொண்டு போய்த் துணிமேல் விடுவார். சீக்கிரமே பட்டன் பிடித்துக்கொண்டது. அத்தான் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அதன் புத்திசாலித்தனத்தைச் சொல்லி அறுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை வந்தது. ஆளுயரத்தைத் தாண்டிய சன்னல்கள். மேசையில் அடங்காது என்பதால் துணியைக் கூடம் முழுக்க விரித்தோம். பாலேட்டு நிறம். அத்தான் சாக்பீஸ் எடுக்கத் திரும்பினார். பட்டன் துணியின் நடுவுக்கு நடந்து போய், ஒரு வட்டமடித்து, உட்கார்ந்து, நிதானமாகக் காரியத்தை முடித்தது.

அத்தான் அளவுகோலை ஓங்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுகிற சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், குட்டி அவர் முகத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தது.

“துணிமேலதான் போகணும்னு நாந்தானேடா சொல்லிக்குடுத்தேன்” என்று அத்தான் கோலைக் கீழே வைத்தார்.

அக்கா மசியவில்லை. “யார் சொல்லிக்குடுத்தா எனக்கென்ன? கழுவுறது நான். கழுவுனாலும் கறை போகாது. இதே நிறத்துல கடையில ஒரே ஒரு சுருள்தான் மிச்சம். அதையும் நனைச்சா வேலையும் போச்சு, பேரும் போச்சு. இன்னொரு தடவ வீட்டுக்குள்ள ஈரம் பண்ணுச்சுன்னா அன்னைக்கே இத யாருக்காவது குடுத்துடணும்.”

அத்தான் மறுபேச்சு பேசாமல் தலையாட்டினார். அக்காவுக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. நாய்க்காகத்தானே அந்தப் பணிவு!

மறுநாளே வெட்டுத்துணிகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினார். நனைந்த இடங்களையெல்லாம் வாசனை போகும்வரை வினிகர் ஊற்றித் தேய்த்தார். நாய்க்கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்தார். பட்டன் தூங்கி எழுந்தால் வாசல், சாப்பிட்டால் வாசல். மூக்கைத் தரையில் வைத்து வட்டமடித்தால் காலர் பாதியில் நின்றாலும் வாசல். வெளியே போனதும் அது வந்த வேலையை மறந்துவிட்டு எறும்பை வேடிக்கை பார்க்கும். அத்தானும் கூடவே நின்று எறும்பைப் பார்ப்பார். மண்ணில் போனால் மட்டும் பிஸ்கட். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொத்தான் கோணலாக இருந்ததற்கு என் பரம்பரையையே இழுத்துத் திட்டிய மனிதர் இவர்.

ஒரு காலையில் கடைசிச் சுருளை விரித்தோம். சமையலறையிலிருந்து வாசல்வரை துணிதான். மிஷின்களைச் சுவரோரம் ஒதுக்கியிருந்ததால் சுற்றிப் போகவும் வழியில்லை. நான் வாசல் பக்கம் முனையைப் பிடித்திருந்தேன். துணிமேல் கயிறு இழுபடக் கூடாதென்று பட்டனை அவிழ்த்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் விட்டிருந்தார் அத்தான். நடுவில் முட்டிபோட்டுக் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார். வழுக்குகிற துணி, பாதியில் கையெடுத்தால் வெட்டு கோணிவிடும்.

பட்டன் எழுந்தது. மூக்கைத் தரையில் வைத்தது. ஒரு வட்டமடித்து, துணியின் விளிம்பில் நின்று, வாசலைப் பார்த்து முனகியது. எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆனால் பழைய இடம் காலடியிலேயே கிடந்தது.

“பட்டா, இருடா. கொஞ்சம் இருடா” என்றார் அத்தான். கத்தரியை நிறுத்தவில்லை.

பட்டன் ஒரு காலைத் துணியில் வைத்தது. பிறகு இன்னொரு காலையும் வைத்தது.

அக்கா சும்மா நின்றிருந்தால் போதும், அவள் கேட்டது நடந்திருக்கும். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று குனிந்து குட்டியை வாரி எடுத்தாள். “அடக்கிக்கோடா, அடக்கிக்கோ, இதோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே துணியின் நடுவில், கோடுகளை மிதித்துக்கொண்டு, ஈரக்காலோடு ஓடினாள். என்னை இடித்துத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டினாள். மண்ணில் இறக்கிய மறுநொடி பட்டன் உட்கார்ந்துவிட்டது.

அத்தான் எழுந்து நின்றார். நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். அதற்குப் பிறகு என்ன வரும் என்று தெருவுக்கே தெரியும். அக்கா திரும்பி, தான் ஓடி வந்த வழியைப் பார்த்தாள். துணி சுருண்டு, கோடுகள் அழிந்து, ஈரத்தடங்கள் வரிசையாகக் கிடந்தன. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். இழுத்த மூச்சை மெதுவாக விட்டார்.

“பரவால்லம்மா, வெறும் தண்ணிதானே, காஞ்சிடும்” என்றார். “கோடு நான் மறுபடி போட்டுக்கறேன். நீ துணி மேலயே நடந்து வா.”

அக்கா கண்ணைத் திறந்தாள். வாசலிலிருந்து அசையவில்லை.

“என்னங்க” என்றாள் பயந்துபோய், “உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”