பெயரை எடுத்துவிட்ட தாலாட்டு

அந்தக் குரல் பதிவில் முதலில் கேட்பது மின்விசிறியின் சத்தம். பிறகு ஸ்பிரிங் தொட்டில் ஏறி இறங்கும் கிறீச் ஒலி. அதன் பிறகு ஆன்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரியா வருதான்னு தெரியலமா, நீயே பாரு" என்கிறார். பாட்டு தொடங்குகிறது. இரண்டே வரிதான். 'ரயிலும் போயாச்சு, வெயிலும் போயாச்சு, கண்ணு, நீயும் தூங்கு. காத்து வந்து கதவைச் சாத்தும், நீயும் தூங்கு.' 'கண்ணு' என்பதற்கு முன்னால் என் மகளின் பெயர் வரும். நடுவில் ஒருமுறை, தெருவில் ரொட்டி விற்க வருபவரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் இரண்டு தடவை ஒலிக்கும். ஆன்டி அதற்காகப் பாட்டை நிறுத்தமாட்டார். கொஞ்சம் குரலை உயர்த்திக்கொண்டு தொடர்வார்.

ஆன்டி என்று நான் சொல்வது எங்கள் ஊரான கிள்ளானில் என் மகளைப் பார்த்துக்கொண்டவரை. பிரசவ விடுமுறை முடிந்து ஷா ஆலமில் இருந்த அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் வந்தபோது, எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்த அவரது வீட்டில்தான் மகளை விட்டுவிட்டுப் போனேன். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவார். ஆனால் தாலாட்டு கோயிலிலிருந்து வந்ததல்ல, படத்திலிருந்து வந்ததுமல்ல. சிறுமியாக இருந்தபோது தம்பியைத் தூங்க வைக்க அவரே கட்டிக்கொண்டது. கடைசி ரயில் போன பிறகுதான் அந்தக் குவாட்டர்ஸில் யாரும் தூங்க முடியுமாம்.

அவரிடம் வளர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அதே பாட்டுதான். பெயர் மட்டும் மாறும். வளர்ந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும் பையனையும் உட்கார வைத்து, அவன் பெயரைச் சேர்த்து அந்த வரியைப் பாடிக் காட்டுவார். அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள் சிரிப்பாள், அவன் நெளிவான். "என் புருஷனும் இதைக் கேட்டுத்தான் தூங்குவாரு. அவருக்கு மட்டும் பேர் சொல்ல வேணாம், ரெண்டாவது வரிக்குள்ள குறட்டை வந்துடும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு அப்படி எதுவும் இயல்பாக வரவில்லை. மகள் ஆன்டி வீட்டில் சத்தமில்லாமல் தூங்குவாள். சனி ஞாயிறுகளில் என்னிடம் தூங்கமாட்டாள். நான் பாடினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பால் போதவில்லையோ, என் கை சரியில்லையோ, வேலைக்குப் போவதால் என்னை மறந்துவிட்டாளோ என்று ஒவ்வொன்றையும் நினைத்து, எதையும் யாரிடமும் கேட்காமல் இருந்தேன். கடைசியில் ஆன்டியிடம் மட்டும், பாட்டை ஃபோனில் பதிந்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அன்று மதியமே அனுப்பிவிட்டார். குழந்தை தூங்குவதற்கு என்று கேட்டேன், குழந்தை தூங்குவதற்கு என்று கொடுத்தார். அதற்கு மேல் எங்களுக்குள் எந்தப் பேச்சும் இல்லை.

பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்து, குட்டி வீடியோக்களுக்குப் பின்னணியாகப் போடுவது எனக்குப் பிரசவ விடுமுறையில் வந்த பழக்கம். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபோனில் ஒரு செயலி. ஒரு கோட்டை இடப்பக்கம் இழுத்தால் பாட்டு மெதுவாகும். பெண் குரல் கனத்து இறங்கி, யாருடையது என்று சொல்ல முடியாத குரலாகிவிடும். இன்னொரு கோட்டை வலப்பக்கம் இழுத்தால், ஆளில்லாத பெரிய மண்டபத்தில் நின்று பாடுவதுபோல ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வால் நீளும். அதைக் கேட்டால் என் நெஞ்சுப் படபடப்பு குறையும். மழையில் நனையும் கார் கண்ணாடி, தீபாவளிக்கு விளக்குப் போட்ட பிரிக்ஃபீல்ட்ஸ் தெரு என்று எதையாவது படமெடுத்து அதன் மேல் போட்டுப் பதிவேற்றுவேன். எல்லாம் மற்றவர்கள் பாடிய பாட்டுகள். யாரையும் கேட்டதில்லை. இதைச் செய்கிற ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமல் எடுப்பதே பழகிப்போயிருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

மகள் ஆன்டியின் பதிவைக் கேட்டுத் தூங்கினாள். மெதுவாக்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம் தூங்கினாள். ஒரு நாள் அலுவலகக் கார் பார்க்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அதைப் பதிவேற்றலாம் என்று தோன்றியது. மற்ற அம்மாக்களுக்கு உதவுமே என்று நினைத்தேன். பாராட்டுக்கு ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மகளின் பெயர் வெளியே போகக் கூடாது. குழந்தையின் படத்தையும் பெயரையும் இணையத்தில் போடக் கூடாது என்பதில் நானும் கணவரும் உறுதியாக இருந்தோம். ஆகவே பெயர் வரும் இடத்தை வெட்டினேன். வெட்டிய இடம் தொண்டை அடைத்ததுபோல இருந்ததால், அங்கே எதிரொலியை அதிகமாக்கி நிரப்பினேன். இப்போது 'வெயிலும் போயாச்சு' என்பதற்குப் பிறகு ஒரு நீண்ட காற்று மட்டும் வரும். பிறகு 'கண்ணு, நீயும் தூங்கு.' அந்த வேலைப்பாட்டில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

முதலில் அம்மாக்கள்தான் எடுத்துப் போட்டார்கள். பிறகு யாரோ ஒருவர், இறந்துபோன தன் தகப்பனின் புகைப்படங்களுக்குப் பின்னால் அதைப் போட்டார். ரொட்டிக்காரரின் ஹாரன் மெதுவாக்கியதில் நீண்டு தாழ்ந்து, இழவு வீட்டில் ஊதும் சங்குபோல மாறியிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த ஹாரன் என்பதால் என் காதில் அது ஹாரனாகவே விழுந்தது. மற்றவர்களுக்குச் சங்கு. ரயிலும் வெயிலும் போய்விட்டன, நீயும் தூங்கு என்கிற சொற்கள். வெற்றிடமாக ஒரு காற்று. அந்தக் காற்று வரும் நொடியில் இறந்தவரின் பெயரைத் திரையில் எழுத்தாகப் போட ஆரம்பித்தார்கள். நான் மகளைக் காப்பதற்காக விட்ட இடைவெளி அவர்களுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் பதினாறாம் நாள் காரிய அழைப்புகளில்கூட அந்தப் பாட்டு வந்தது. "நல்லாத்தானே போயிட்டிருக்கு?" என்றார் கணவர். எனக்கு உறுத்தியது. உறுத்தலோடு எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்டிக்கு ஃபோனில் பேசவும் குரல் பதிவு அனுப்பவும் மட்டும்தான் தெரியும் என்பதால் அவர் கேட்க வாய்ப்பில்லை என்று நினைத்திருக்கிறேன் போல. தெலுக் பங்லிமா காராங் என்கிற ஊரில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தவறிப்போனார். துக்க வீட்டில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் அவருடைய படங்களை ஓட விட்டிருக்கிறார்கள். முதலில், யாரோ ஓர் ஆண் தன் பாட்டைப் பாடுகிறார் என்றே ஆன்டி நினைத்தாராம். இது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தொட்டிலின் கிறீச் ஒலி வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மருமகளிடம் கேட்டதற்கு, "இப்ப எல்லா சாவுக்கும் இந்தப் பாட்டுதான் அத்தை" என்றாளாம்.

அடுத்த நாள் மாலை மகளைக் கூப்பிடப் போனபோது ஆன்டி அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். சீப்பை நிறுத்தாமலே கேட்டார்.

"பாட்டை நீதான் வெளிய குடுத்தியாமா?"

மற்ற அம்மாக்களுக்கு உதவும் என்று போட்டதை, அது எங்கெங்கோ போனதை, நான் நினைக்காததையெல்லாம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"பிள்ளை பேரை மட்டும் வெட்டிட்டே."

"அது சேஃப்டிக்கு ஆன்டி. பேரு வெளிய போகக் கூடாதுன்னு..."

"ம். அது தெரிஞ்சிருக்கு உனக்கு."

அவ்வளவுதான். அவர் கோபப்பட்டார் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. வருத்தப்பட்டார் என்பதும் போதாது. ரிப்பன் கட்டி முடித்து மகளை என் பக்கம் அனுப்பிவிட்டு, கதவருகே வந்தபோது மெதுவாகச் சொன்னார். "செத்தவங்களுக்குப் பாட மாட்டேன்னு இல்லமா. கோயில்ல எத்தனையோ பேருக்குப் பாடியிருக்கேன். இது தொட்டில் பாட்டு. இதைப் பாடிப் படுக்க வச்ச பிள்ளை எந்திரிச்சு பால் கேட்கணும்."

மகளைக் காரில் உட்கார வைத்துவிட்டு, அவர் வீட்டு வாசலிலேயே ஃபோனை எடுத்து அந்தப் பதிவை நீக்கினேன். மூலப் பதிவை நீக்கினால், அதை எடுத்துப் பயன்படுத்திய வீடியோக்கள் எல்லாம் ஊமையாகிவிடும். அது எனக்குத் தெரியும். சரியானதைச் செய்கிறோம் என்ற அவசரத்தில் செய்தேன். ஆன்டி நீக்கச் சொல்லவே இல்லை. அதையும் நான் அவரைக் கேட்காமல்தான் செய்தேன் என்பது வீட்டுக்கு வந்து மகளுக்குச் சோறு ஊட்டும்போதுதான் உறைத்தது.

அந்த வாரத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. செராஸில் இருக்கும் ஒரு தாய். நர்சரி வயதில் போய்விட்ட மகனுக்காக அவர் போட்டிருந்த வீடியோவில் இப்போது சத்தம் இல்லை. குற்றம் சொல்லி எழுதவில்லை. 'சிஸ், அந்தப் பாட்டு கிடைக்குமா? தினமும் கேட்பேன். பையன் பேர் வர்ற இடத்துல நான் வாய்விட்டுச் சொல்லுவேன்' என்று எழுதியிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். கொடுத்தால் ஆன்டிக்குச் செய்யும் துரோகம். கொடுக்காவிட்டால் பிள்ளையை இழந்தவரிடமிருந்து நான் பறித்ததாகிறது. ஆன்டியிடம் கேட்டால் அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பதாகுமே என்று பயந்தேன். இப்போது யோசித்தால், அவருக்காகப் பயந்தேனா, அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேனா என்று சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஃபோனை அவர் கையிலேயே கொடுத்தேன். செய்தியை வாசித்துக் காட்டினேன். அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சத்தமில்லாமல் ஒரு பையன் ஊஞ்சலில் ஆடினான், கேக்கில் விரலை வைத்தான், யாரையோ பார்த்துக் கை தட்டினான். குறிப்பிட்ட இடத்தில் அவன் பெயர் திரையில் வந்தது. ஆன்டி அதை வாய்க்குள் படித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடு" என்றார். "வெளிய போட வேணாம்னு மட்டும் சொல்லு."

மெதுவாக்காத பதிவை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அதுல உன் மகள் பேரு இருக்கேம்மா. அவளுக்கு அவ பிள்ளைதானே வேணும். நீ வெட்டினதையே அனுப்பு."

அனுப்பினேன். அந்தத் தாய் நன்றி சொல்லி எழுதியதையும் ஆன்டியிடம் காட்டினேன். தலையாட்டினார். விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அதன் பிறகு அவர் என் மகளுக்குப் பாடவில்லை. மகள் நர்சரிக்குப் போகிறவரை, முதுகைத் தட்டித்தான் தூங்க வைத்தார். பாடினால் நடுவில் அந்த இழுத்த குரல் தன் காதில் கேட்கிறது, பிள்ளை பேர் வாய்க்கு வருகிற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது என்று, நான் வற்புறுத்திக் கேட்ட பிறகு சொன்னார். சொல்லும்போது ஏதோ தன் உடம்பில் வந்த சிறு கோளாறைச் சொல்வதுபோலச் சிரித்தார். இதை எழுதலாமா என்றும் அவரிடம் கேட்டேன். "என் பேரைப் போடாதே. மத்ததை எழுதிக்கோ" என்றார். மகளின் பெயரையும் நான் எழுதவில்லை.

இந்த வருஷம் மகன் பிறந்தான். விடுமுறை முடியும் நாள் நெருங்க, வேறு பேபி சிட்டர்களை விசாரித்தேன். ஆன்டியிடம் போக எனக்கு முகமில்லை. நான் எதிர்பாராத வேளையில் பாசாரில், மீன் கடை முன்னால், அவரே என்னைப் பிடித்துக்கொண்டார். மீன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மகனின் கன்னத்தைத் தொட்டார்.

"இவனை எங்க விடப் போறே?"

நான் மகனின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"எங்கிட்டயே கொண்டு வா லா. பாட்டு மட்டும் கேட்காதமா."

அன்றிலிருந்து மகன் அங்கேதான். தட்டினால் தூங்குகிற குழந்தை இல்லை அவன். தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். சென்ற வாரம் அலுவலகத்தில் சீக்கிரம் விட்டதால் மதியமே போய்விட்டேன். இரும்புக் கம்பிக் கதவு வழியாக ஹால் தெரிந்தது. ஆன்டி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகன் சிணுங்கினான். அவர் மூச்சை உள்ளே இழுத்ததை, தோள் உயர்ந்ததில் பார்த்தேன். உதடு பிரிந்தது. பிறகு அப்படியே மூடிக்கொண்டது. மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காதே, சத்தம் வரும் என்று கண்ணாலேயே சொன்னார். அவன் தூங்கும் வரை நான் வெளியே வெயிலில் நின்றேன்.