உப்பு பூரும் இடம்

பொன்னேரி சைக்கிள் கடையில் அன்று இருந்தவர்கள்: கடைக்காரர். என் வீட்டுக்காரி. அவள் தம்பி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெல்டிங் வேலை. நான்.

சைக்கிள் அவளுக்கு. உப்புத்தண்ணி ஏரியில் நண்டு பிடிப்பது நான். வியாபாரியிடம் கொண்டுபோவது அவள். எங்கள் குப்பத்திலிருந்து தார் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மணல். பழைய சைக்கிளின் ஒல்லி டயர் அதில் புதையும். தள்ளிக்கொண்டே போவாள். வெயில் ஏறும். வியாபாரி உயிர் நண்டு மட்டும்தான் எடுப்பார். செத்ததைத் தொடமாட்டார். இருபதில் ஆறு, ஏழு செத்துப்போன நாள் உண்டு. எங்கள் பிழைப்பு அந்த மூன்று கிலோமீட்டரில் இருந்தது.

மச்சான் சிவப்பு வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டான். முன்னும் பின்னும் ஸ்பிரிங். இருபத்துநாலு கியர்.

"அக்கா, இத எடு. ஆபீசருங்கோ இதுலதான் வராங்கோ."

"ஆபீசரு நண்டு தூக்கினு வராரா?" என்றாள். கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, இதுல உப்பு எங்கெங்க பூரும்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவரும் குந்தி உட்கார்ந்து உப்பு புகும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பின் ஸ்பிரிங்கைச் சுற்றி நாலு மூட்டு. வேண்டாம் என்றாள். முன் ஸ்பிரிங்கில் மணல் போனால் கழற்றித்தான் துடைக்க வேண்டும் என்றார். அதுவும் வேண்டாம். முன்னால் பல்சக்கரம் மூன்று எதற்கு, ஒன்று போதும். பின்னால் ஏழு இருக்கட்டும்.

கைப்பையின் காந்தப் பொத்தானை பிரேமில் வைத்துப் பார்த்தாள். ஒட்டிய வண்டிகளை எல்லாம் தள்ளினாள். ஒட்டாதது அலுமினியம், துரு ஏறாது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை அந்த உப்பில் நாலு வருஷம் ஓட்டியவள் அவள். எது முதலில் போகும் என்று தெரியும்.

டயர் அகலமாக எடுத்தாள். "காத்து கம்மியா வெச்சிக்கோம்மா, மணல்ல பரவி நிக்கும்" என்றார் அவர். பிரேக், சக்கர நடுவில் இரும்புத் தகடு வைத்த டிஸ்க். ரிம்மைப் பிடிக்கிற கட்டை மணலில் தேய்ந்துவிடும். அதிலும் கேபிள் வைத்தது. அறுந்தால் ஊரிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

"கேரியர் எங்க?"

"மவுண்டன் பைக்குல கேரியர் வராதும்மா."

"அப்போ நண்டு என் தலைமேலயா குந்தும்?"

அவர் உள்ளே போய், கேரியர் மாட்டத் துளை உள்ள ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம்.

"கலரே நல்லால்லக்கா."

"நண்டு கலரு பாத்து ஏறாதுடா."

கேரியரை மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே சுறா எண்ணெய் எடுத்து இரும்பு தெரிகிற இடமெல்லாம் பூசினேன். படகுக்கும் நங்கூரச் சங்கிலிக்கும் பூசுகிற எண்ணெய். ஒரு இடம் விடவில்லை.

மறுநாள் விடிந்ததும் கூடையில் இருபத்திரண்டு நண்டு, கால் கட்டி, ஈரச் சாக்கு மூடி. அவள் புது வண்டியில். நான் பழையதில் பின்னால். மணலில் அவள் இறங்கவே இல்லை. நான் தள்ளிக்கொண்டு வந்தேன். தார் ரோட்டில் ஏறியதும் வரும் பாலத்து மேட்டில் எனக்காக நின்றிருந்தாள். மூச்சு வாங்கவில்லை.

சரிவில் இறங்கினோம். பாதியில் கத்தினாள்.

"யோவ், நிக்கலய்யா!"

கீழே ஐஸ் லாரி ரோட்டை அடைத்து நின்றது. அவள் ஹேண்டிலை ஒடித்து, ரோட்டோரம் இருந்த மணல் குவியலில் ஏற்றினாள். டயர் புதைந்து வண்டி நின்றது. விழவில்லை. ஒரு கை கூடையைப் பிடித்திருந்தது.

இறங்கி டிஸ்கைத் தொட்டு விரலை மோந்தாள்.

"சுறா எண்ண. பிரேக்குக்கா பூசுன?"

"இரும்பாச்சேன்னு."

"படகுக்கு பிரேக் கீதாய்யா?"

இல்லை என்றேன். உண்மைதானே.

திட்டிக்கொண்டு நிற்கவில்லை. டீக்கடையில் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெந்நீரும் வாங்கி டிஸ்கைக் கழுவினாள். அதைப் பிடிக்கிற கட்டைகளைக் கழற்றிச் சிமெண்டுப் படியில் தேய்த்தாள். மாட்டி, உருட்டி, அழுத்திப் பார்த்தாள். முக்கால்வாசி பிடித்தது. ஏறினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வியாபாரி சாக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நண்டாகத் தூக்கி, கண் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணினாள். நானும் எண்ணினேன்.

உயிரோடு இருபத்தொன்று.