கரண்ட் இல்லாத நாளில் கூட்டம்

காஞ்சனாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரர் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். நாலு பவர்லூம் ஓடும் வீட்டில் மெதுவாகப் பேசினால் யார் காதில் விழப்போகிறது? மகனுக்கு வருமானச் சான்றிதழ் கொடுக்க அரசுப் பள்ளிக்குப் போனவள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாகத் திரும்பி வந்தாள். அன்றைக்குப் பெற்றோர் கூட்டமாம். இவளையும் சேர்த்து மூன்றே பேர். மற்ற இரண்டு பேரும் அவசரமாக இவள் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். "எட்டாவது பெயிலுங்க நானு" என்று கத்திப் பார்த்தாள். எடுபடவில்லை.

சும்மா பேருக்கு இருந்துவிட்டுப் போகிற ஆளா அவள்? வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஏன் ஒருத்தரும் வருவதில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். தறியை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார்கள். நியாயம்தானே! உடனே லைன்மேன் வேடியப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, இந்த மாசம் ஷட்டவுன் என்னிக்கு?"

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊரே டீக்கடையில் வெட்டியாக உட்கார்ந்திருக்கும். கூட்டத்தை அந்த நாளுக்கு மாற்றச் சொன்னாள். விதிப்படி வெள்ளிக்கிழமைதானே என்று தலைமையாசிரியை சௌமியா இழுத்தார்.

"விதி எழுதனவரு வீட்ல தறி இல்லீங்க டீச்சர்!"

முதல் ஷட்டவுனுக்கே நாற்பது பேர் வந்தார்கள். இன்னொரு காரியமும் செய்தாள் மகராசி. பெரியவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் பிள்ளைகள் எழுந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னபோது அப்பன்மார்களால் தலை நிமிர முடியவில்லை. இரண்டே நாளில் தாழ்ப்பாள் வந்தது. பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பும் அப்படி வந்ததுதான்.

போன ஜூன் மாதம் அவளுக்கே ஒரு சோதனை வந்தது. அவள் பெரியப்பா மகள் பிரபாவதியின் பெண் மோகனப்ரியா, பத்தாவதில் நானூற்று முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். தறி ஓட்டிய ஆள் நின்றுவிட்டான் என்று, அப்பன் நாகேந்திரன் அவளை இரண்டு தறிக்கு நடுவே நிறுத்திவிட்டான். பதினொன்றாம் வகுப்பில் சேர வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். காஞ்சனா இரண்டு முறை போய்ப் பேசினாள். அவன் தறியை நிறுத்தாமல், காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தான். பெரிய கெட்டிக்காரன்! சரி, வியாழக்கிழமை ஷட்டவுன்தானே, கூட்டமும் அன்றைக்குத்தானே, தறி நின்றதும் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளும் இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணியாகியும் கரண்ட் போகவில்லை.

"அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்கம்மா" என்றார் வேடியப்பன் போனில்.

 போகிற கரண்டை நம்பி ஒரு பெண்ணின் படிப்பை விட்டுவிட்டேனே, எனக்கு அறிவிருக்கிறதா என்று காஞ்சனா தன்னையே திட்டிக்கொண்டாள். தன் வீட்டுத் தறிகளின் சுவிட்சை அணைத்துவிட்டு நேரே அக்கா புருஷன் நாகேந்திரன் வீட்டுக்கு நடந்தாள்.

"பாவா! நீயும் பொண்ணும் கூட்டத்துக்குப் போங்க. நாலு தறியும் ஓடிகினுதான் இருக்கும். அக்காவும் நானும் பாத்துக்கறோம்!"

கேட்கவில்லை என்று இந்தத் தடவை அவனால் சொல்ல முடியவில்லை. அவள் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"தலைவி நீ இல்லாம கூட்டமா?"

"நான் எதுக்கு? பேசப்போறது புள்ளைங்க. போ பாவா."

பிரபாவதி மகள் கையில் இருந்த நூலை வாங்கிக்கொண்டு, அவள் நின்ற இடத்தில் போய் நின்றாள். நாகேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினான்.

ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. காஞ்சனா அறுந்த இழையை முடிந்தாள், நூல் தீர்ந்த தாரை மாற்றினாள், வாசலைப் பார்த்தாள். கூட்டத்துக்கு யாருமே வராமல் போயிருந்தால்? பயந்துபோய் அந்தப் பெண் வாயே திறக்காவிட்டால்?

நாகேந்திரன் வந்தான். நேரே போய் மோட்டாரை அணைத்தான். கண் சிவந்திருந்தது.

"பத்துப் பன்னெண்டு பேருதான் வந்தாங்க. எல்லாம் புள்ளைங்களே நடத்துச்சுங்க. எம்பொண்ணு எழுந்து நின்னு பேசினா காஞ்சனா. காமர்ஸ் எடுக்கணுமாம், ஆடிட்டர் ஆவணுமாம். எப்படின்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருக்குது."

"வீட்ல உங்கிட்ட சொல்லலியா பாவா?"

"எத்தினியோ வாட்டி சொன்னாளாம். இந்தச் சத்தத்துல எனக்கு நெஜமாவே கேக்கல."

ஊருக்கே கேட்கக் கத்துகிறவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப தறி?" என்றாள் கடைசியில்.

"ரெண்டு நிக்கட்டும். ஆள் கெடைக்கறப்போ ஓடட்டும்."

வெள்ளிக்கிழமை காலை நாகேந்திரன் வீட்டில் இரண்டு தறிதான் ஓடியது. பிரபாவதி ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளியின் கேட் திறக்கும் முன்பே அப்பனும் மகளும் வாசலில் போய் நின்றிருந்தார்கள்.