புளி போட்டு விளக்கிய ராஜா

மிளகாய்க் காட்டில் களை வெட்டும்போது கரிசல் கட்டியோடு புரண்டு வந்தார் அந்த ராஜா. பச்சை பிடித்த ஒரு வெண்கலக் காசில் அவருடைய தலை இருந்தது. கண்டெடுத்தவர் என் மாமா. அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கோழிப்பண்ணை, லோடு ஆட்டோ என்று தொட்டதெல்லாம் கையைச் சுட்டதில், ஊருக்கே அவர் கேலிப் பொருளாகியிருந்த சமயம் அது.

டீக்கடையில் காசைப் பார்த்தவர்கள், ஆளுக்கேற்ற செல்லாக்காசு என்றார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தலையைச் சுத்தி எழுத்து இருக்குடே. வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில ஒரு பெரிய படிப்பாளி வீட்டுக்குக் கொண்டு போறேன். ராசா பேரோடதான் திரும்பி வாரேன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். காலித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து ராஜாவைப் படுக்கப்போட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. வியாழக்கிழமை சாயங்காலம் பூஜைச் சாமான் விளக்கும் பொறுப்பு அந்த வருஷம்தான் என் கைக்கு வந்திருந்தது. குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் எல்லாம் விளக்கி முடித்தபோது, அலமாரியில் இருந்த ராஜாவின் நினைவு வந்தது. இவ்வளவு அழுக்கோடு பெரிய மனிதர் வீட்டுக்குப் போவதா? புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பச்சையெல்லாம் உதிர்ந்து காசு தங்கம் மாதிரி மின்னியது. ஒன்றும் சொல்லாமல் தீப்பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் லீவு. அழுது அடம்பிடித்து நானும் பஸ் ஏறினேன். பெட்டியைத் திறந்ததும் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கல்லூரியில் சரித்திரம் நடத்திய ஒரு சாரின் வீடு அது. மாமா பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். சார் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரோமானியக் காசுதான். இது பேரரசர் தலை. பின்பக்கம் ஈட்டியோட ஒரு வீரன் நிக்கான். எந்தப் பேரரசர்னு எழுத்தை வச்சுத்தான் சொல்ல முடியும். அந்தப் பச்சைதான் இத்தனை காலமா எழுத்தைக் காப்பாத்தியிருக்கும். எல்லாம் தேஞ்சு போச்சே. யாரு இதை இப்படி வெளக்குனது?"

சார் சொன்னதில் கடைசிக் கேள்வி மட்டும்தான் எனக்குப் புரிந்தது. பெருமையோடு வாயைத் திறந்தேன். மாமா புளிக்கறை படிந்த என் விரல்களை ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தான் சார். விவரமில்லாமப் பண்ணிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கை வலிக்கத் தேய்த்தது நான். பேரைத் தட்டிக்கொண்டு போனது இவரா? பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வாங்கித் தந்த கடலைமிட்டாயைத் தின்றேனே தவிர, பேசவில்லை.

ஊரில் இறங்கியதும் டீக்கடை காத்திருந்தது.

"ராசா பேரு என்னடே?"

"பேரைச் சொல்ல மாட்டேங்காரு" என்றார் மாமா. கடையே சிரித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "காசை வெளக்குனது நாந்தான்! மாமா அந்த சார்கிட்டப் பொய் சொல்லிட்டாவ!" என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஆமாடே. எங்க ராசாவைப் பளபளன்னு ஆக்குனது இவதான்."

அது போதுமாயிருந்தது. பெரிய மனசு பண்ணி, அங்கேயே மாமாவை மன்னித்துவிட்டேன்.